நாற்பது சதவீத அப்பா

இரவு நேரத்தில், கண்ணாடி ஜன்னல் போட்ட பஸ்ஸில், ஜன்னலோரமாக உட்கார்ந்து பிரயாணம் செய்திருக்கிறீர்களா? வெளியே புளியமரங்கள் பின்னோக்கி ஓடிக் கொண்டிருக்கும். தூரத்தில் ஒரு பம்ப்செட் கொட்டகையின் விளக்கு மினுக்மினுக்கென்று தெரியும். அதே கண்ணாடியில் உங்கள் முகமும் தெரியும். உங்கள் நெற்றியின் வழியாக ஒரு புளியமரம் போகும்; கன்னத்தின் மேல் ஒரு டீக்கடை வந்து நிற்கும். முகமும் முழுசாக இல்லை; மரமும் முழுசாக இல்லை. ஆனாலும் இரண்டும் ஒரே இடத்தில், ஒரே சமயத்தில் இருக்கின்றன.

"இதிலே என்ன அதிசயம்?" என்கிறீர்களா? இந்தச் சின்ன விஷயத்தை வைத்துக் கொண்டுதான் ஒரு காலத்தில் லண்டன் நகரத்தையே திரண்டு வர வைத்தார்கள். சினிமாவில் பேய் பிசாசுகளை நடமாட விட்டார்கள். இப்போது கல்யாண வீடியோக்களில், கொட்டுகிற அருவிக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் முகம் மெள்ள மெள்ள எழும்பி வருகிறதே, அதுவும் இதே சமாசாரம்தான்.

அருவியும் மாப்பிள்ளையும் இருக்கட்டும். இதே வித்தை சங்கராபுரத்தில் ஒரு குடும்பத்துக்குச் செய்த காரியத்தைச் சமீபத்தில் என் கண்ணால் பார்த்தேன். அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மழைக்கு ஒதுங்கிய இடம்

சங்கராபுரம் எங்கே இருக்கிறது என்று கேட்கும் பட்டணத்துச் சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. விழுப்புரம் ஜில்லாவைப் பிரித்து, 2019-இல் கள்ளக்குறிச்சி என்று தனி ஜில்லா அமைத்தார்கள் அல்லவா? அதில் ஒரு தாலுக்காவுக்குத் தலைமை ஊர் இது. மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீலமாக நீண்டு கிடக்கிறது. சுற்றிலும் நெல், கரும்பு, மரவள்ளி. மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர் ஒன்று பஸ்ஸுக்கு முன்னால் போய்விட்டால், அன்றைக்கு நாம் நேரத்தோடு ஊர் போய்ச் சேர்ந்த மாதிரிதான்!

மலைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் சங்கராபுரம் பஸ் நிலையத்தில் இறங்கினேன். இறங்கியதும் மழை பிடித்துக் கொண்டது. ஓடிப் போய் ஒரு போட்டோ ஸ்டூடியோ வாசலில் ஒதுங்கினேன்.

"நனையாதீங்க அக்கா, உள்ளே வந்து உட்காருங்க" என்றார் உள்ளேயிருந்த இளைஞர்.

உள்ளே சின்ன அறை. ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் அந்த இளைஞர். பின்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஓர் அம்மாளும் அவருடைய மகளும். மகளுடைய கழுத்தில் புது மஞ்சள் கயிறு. அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கலாம். வெளிர் நிறச் சேலை, வெறும் நெற்றி. கல்யாண வீடியோவை முடித்துக் கொடுப்பதற்கு முன்னால், ஒரு முறை பார்த்துவிட்டுப் போவதற்காக வந்திருந்தார்கள்.

நான் பத்திரிகையில் வேலை செய்கிறவள் என்றதும் அந்தப் பெண், "நீங்களும் பாருங்கக்கா. சரியா இருக்குதான்னு சொல்லுங்க" என்று சொல்லி, நாற்காலியை எனக்காகக் கொஞ்சம் நகர்த்திப் போட்டாள்.

திரையில் முகூர்த்த நேரம். நாதஸ்வரம் முழங்குகிறது. மணமக்கள் மணையில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் அரக்கு நிறத் திரைச்சீலை. திடீரென்று அந்தத் திரைச்சீலையின் மேல் ஒரு மனிதர் தெரிய ஆரம்பித்தார். பனிக்குள்ளிருந்து வருவது போல மெள்ளத் தெளிந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அவருடைய சட்டையின் வழியாகத் திரைச்சீலையின் மடிப்புகள் தெரிந்தன. வலது கையை உயர்த்தினார். உள்ளங்கை மணமக்களைப் பார்த்து இருந்தது. சில விநாடிகளில் வந்தது போலவே மறைந்து போனார்.

"எங்கப்பா" என்றாள் அந்தப் பெண்.

2021-இல், கொரோனாவின் இரண்டாவது அலையில் போய்விட்டாராம்.

பேய் காட்டிய கண்ணாடி

இந்த வித்தையின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவோம். 1862-ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள். லண்டனில் ராயல் பாலிடெக்னிக் என்ற இடத்தில், பேராசிரியர் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் மேடையில் ஒரு பேயை வரவழைத்துக் காட்டினார். ஹென்றி டிர்க்ஸ் என்ற இன்ஜினீயரின் யோசனையை மேடைக்கு ஏற்றபடி திருத்திக் கொண்டார். சபையோருக்கும் நடிகருக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்வாக நிறுத்தினார். மேடைக்குக் கீழே, யார் கண்ணிலும் படாத பள்ளத்தில், பேய் வேஷக்காரர். அவர்மேல் பலமான விளக்கைப் போட்டால், அவருடைய பிம்பம் கண்ணாடியில் விழும். மேடையில் நிற்கும் நடிகரும் அதே கண்ணாடியின் வழியாகத் தெரிவார். நடிகர் கத்தியை வீசினால் அது பேயின் ஊடே போகும்! நம் பஸ் ஜன்னல்தான். கொஞ்சம் பெரிய ஜன்னல்.

சினிமா வந்ததும் கண்ணாடிக்கு வேலை இல்லாமல் போயிற்று. பிரான்ஸ் தேசத்தில் ஜார்ஜ் மெலியே என்ற மாஜிக் நிபுணர், ஒரே பிலிமில் பல தடவை படம் பிடிக்கும் உபாயத்தைக் கையாண்டார். ஒரு தடவை எடுத்து முடித்ததும் பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, அதன் மேலேயே மறுபடி எடுப்பது. 1900-இல் எடுத்த ஒரு படத்தில் அவரே ஏழு பேராகத் தோன்றி, ஒரு வாத்திய கோஷ்டியாகவே உட்கார்ந்து விட்டார்! இந்தியாவில் தாதாசாகேப் பால்கே புராணக் கதைகளுக்கு இதே உபாயத்தைப் பயன்படுத்தினார்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிலிமில் வெளிச்சம் பட்ட இடம் பதியும்; கறுப்பு பதியாது. ஆகவே, மேலே வர வேண்டிய ஆளைக் கறுப்பு வெல்வெட் துணிக்கு முன்னால் நிறுத்தி எடுக்க வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினால், சுவரின் வெளுப்பு முதலில் எடுத்த காட்சி முழுவதையும் தின்றுவிடும். இந்த வெள்ளைச் சுவரை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். சங்கராபுரத்தில் மறுபடி வரப் போகிறது.

நம் பக்கத்திலும் இதற்குச் சரித்திரம் உண்டு. கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் சேலம் ஜில்லா. சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940-இல் எடுத்த 'உத்தமபுத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேஷம் போட்டார். தமிழ் சினிமாவில் இரட்டை வேஷத்துக்குப் பிள்ளையார் சுழி அதுதான். அந்தக் காலத்து இரட்டை வேஷக் காட்சிகளுக்குக் காமிராவின் கண்ணில் பாதியை மூடி ஒருவரையும், பிறகு மறுபாதியை மூடி மற்றவரையும் எடுப்பது வழக்கம். மூடியை எடுத்துவிட்டால் இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அப்போது கிடைப்பது இரட்டையர் அல்ல, பேய்!

1957-இல் கே.வி. ரெட்டியின் டைரக்ஷனில், மார்கஸ் பார்ட்லியின் காமிராவில் வந்த 'மாயா பஜார்' படத்தை மறக்க முடியுமா? கடோத்கஜன் கல்யாணச் சமையலை ஒரு பிடி பிடித்த கதை குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அதே படத்தில், திறந்து பார்த்தால் மனசுக்குப் பிரியமானவரைக் காட்டும் ஒரு பெட்டியும் வரும். தூரத்தில் இருக்கிறவரைப் பக்கத்தில் காட்டு என்பதுதானே மாயாஜாலத்திடம் மனிதர்கள் கேட்கிற முதல் வரம்?

பிற்பாடு ஆப்டிகல் பிரிண்டர் என்ற யந்திரம் பழக்கத்துக்கு வந்தது. ஒரு பக்கம் புரொஜெக்டர், எதிர்ப் பக்கம் காமிரா. முன்பே எடுத்த படத்தை ஓடவிட்டு, அதை மறுபடி படம் பிடிப்பார்கள். கதாநாயகனின் உடம்பிலிருந்து அவனுடைய மனசாட்சி பிரிந்து வந்து அவனையே திட்டுமே, அந்த மாதிரிக் காட்சிகளுக்கு இது உதவிற்று. ஆனால் கணக்கு கொஞ்சம் தப்பினாலும் பிலிம் வீண். லாபரட்டரியிலிருந்து கழுவி வரும் வரையில், மனசாட்சி சரியாக விழுந்ததா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது.

வீடியோ காஸெட் காலத்தில் 'மிக்ஸிங்' என்று ஒரு பெட்டி வந்தது. ரோஜாப் பூவுக்குள் மணப்பெண், இருதயத்துக்குள் மாப்பிள்ளை என்று அது செய்த அமர்க்களத்தை உங்கள் வீட்டுப் பழைய காஸெட்டில் பார்த்திருப்பீர்கள். அதிலும் ஒரு சங்கடம்: ஒரு காஸெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற மாற்றப் படம் மங்கிக் கொண்டே போகும்.

டிகாக்ஷன் கணக்கு

இந்தத் தொல்லைகளையெல்லாம் ஒழித்தது ஓர் எண். 1977-78 வாக்கில், நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்ற இருவர் கம்ப்யூட்டர் படங்களோடு மல்லாடிக் கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் படம் என்பது ஏராளமான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்கள். "நாலாவதாக ஓர் எண்ணையும் சேர்த்து வைத்தால் என்ன?" என்று இவர்கள் யோசித்தார்கள். இந்தப் புள்ளி எவ்வளவு தூரம் பின்னால் இருப்பதை மறைக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. அதற்கு 'ஆல்பா' என்று பெயர் வைத்தார்கள். 1984-இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்ற இருவர் படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவதற்கான கணித விதிகளை ஒழுங்குபடுத்தினார்கள். இந்த வேலைக்காக நால்வருக்கும் 1996-இல் ஹாலிவுட்டின் ஆஸ்கார் அகாடமி விஞ்ஞானப் பரிசு அளித்தது.

கணிதம் என்றதும் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள்! தினமும் காலையில் நீங்கள் அடுப்படியில் போடுகிற கணக்குத்தான். ஒரு டம்ளர் காப்பி கலக்க வேண்டும். டம்ளரின் அளவு மாறாது. டிகாக்ஷன் நாற்பது பங்கு விட்டால் பால் அறுபது பங்குக்குத்தான் இடம் இருக்கும். டிகாக்ஷன் நூறு என்றால் பாலுக்கு இடமே இல்லை. பூஜ்யம் என்றால் வெறும் பால்.

கம்ப்யூட்டரில் மேலே இருக்கும் படம் டிகாக்ஷன். கீழே இருக்கும் படம் பால். மேல் படத்தின் அளவைச் சொல்லும் அந்த எண்ணுக்கு ஸ்டூடியோக்காரர்கள் 'ஒபாசிட்டி' என்று பெயர் சொல்லுகிறார்கள். மேல் படத்தில் ஒரு புள்ளியின் வெளிச்சம் 200, கீழ்ப் படத்தில் அதே இடத்தில் 100, ஒபாசிட்டி நாற்பது சதவீதம் என்று வைத்துக் கொள்ளுங்கள். இருநூறில் நாற்பது சதவீதம் 80; நூறில் அறுபது சதவீதம் 60; ஆக 140. இதையே எல்லாப் புள்ளிக்கும், விநாடிக்கு இருபத்தைந்து படம் வீதம், கம்ப்யூட்டர் சலிக்காமல் போட்டுக் கொண்டிருக்கிறது.

தமிழ் சினிமாவில் இந்த மாறுதலுக்கு அடையாளமாக 1994-இல் வந்த கமல் ஹாசனின் 'மகாநதி'யைச் சொல்லுவார்கள். அவிட் என்ற கம்ப்யூட்டர் முறையில் எடிட் செய்யப்பட்ட முதல் இந்தியப் படம் அது என்று பெயர். அன்று பெரிய ஸ்டூடியோக்களுக்கு மட்டுமே கட்டுப்படியான சமாசாரம், இன்று சங்கராபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் நடக்கிறது.

வெள்ளைச் சுவரின் தொல்லை

"எப்படிச் செஞ்சீங்க தம்பி?" என்று கேட்டேன். மழையும் விடுகிறபாடாக இல்லை. அவரும் உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தார். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சகோதரிகள் கவனித்துக் கொள்ளுங்கள்.

அடோப் பிரீமியர் ஆனாலும் சரி, டாவின்சி ரிசால்வ் ஆனாலும் சரி, காசில்லாமல் கிடைக்கும் கேடன்லைவ் ஆனாலும் சரி, அடிப்படை ஒன்றுதான். படத்துண்டுகளை வைப்பதற்குத் திரையின் கீழ்ப்பாகத்தில் மாடி மாடியாக வரிசைகள் இருக்கும். கீழ் மாடியில் கல்யாணக் காட்சியை வைக்க வேண்டும். மேல் மாடியில், அதே நேரத்துக்கு நேராக, அப்பாவின் துண்டை வைக்க வேண்டும். மேல் துண்டைத் தேர்ந்தெடுத்து, ஒபாசிட்டி என்பதை நூறிலிருந்து இறக்கிக் கொண்டே வந்தால், கீழே இருப்பது தெரிய ஆரம்பிக்கும். செல்போனிலேயே கைன்மாஸ்டர் போன்றவற்றில் இதைச் செய்யலாம். படத்தின் மேல் இன்னொரு லேயர் வைத்து அதன் ஒபாசிட்டியைக் குறைத்தால் போதும்.

திடீரென்று தோன்றினால் குழந்தைகள் பயந்துவிடும் அல்லவா? ஆகவே ஆரம்பத்தில் பூஜ்யம் என்று ஓர் ஆணி அடிக்க வேண்டும்; இரண்டு விநாடி தள்ளி நாற்பது என்று இன்னோர் ஆணி. இந்த ஆணிக்குக் 'கீஃபிரேம்' என்று பெயர். நடுவில் உள்ள ஐம்பது படங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதைக் கம்ப்யூட்டரே பார்த்துக் கொள்ளும். மறைவதற்கும் இதே மாதிரி இரண்டு ஆணிகள்.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான்னா ஒரு நாளில முடிஞ்சிருக்கும் அக்கா. நாலு நாள் ஆச்சு" என்று சிரித்தார்.

அந்த மனிதருடைய அசையும் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது செல்போனில் விளையாட்டாக எடுத்தது. மொத்தம் பதினோரு விநாடி. கரும்புக் கொல்லையிலிருந்து வந்து, வீட்டின் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் நிற்கிறார். உச்சி வெயில். சுவர் பளீரென்று எரிகிறது. அதைக் கல்யாணக் காட்சியின் மேல் வைத்ததும் மணமேடை முழுவதும் மோர் ஊற்றியது போல வெளுத்துப் போயிற்று. பழைய சினிமாக்காரர்கள் வெல்வெட் துணி தேடியது இதற்காகத்தான்!

இளைஞர் செய்தது என்ன? அப்பாவின் உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டுச் சுவரை வெட்டி எறிந்தார். இதற்கு 'மாஸ்க்' என்று பெயர். வெட்டிய விளிம்பு கத்தரிக்கோல் வெட்டு மாதிரி துருத்திக் கொண்டு நின்றது. அதை மழுக்கி, பஞ்சு போல ஆக்கினார். அவர் கையை உயர்த்தும்போதெல்லாம் கோடும் கூடவே நகர வேண்டுமே! அதற்குத்தான் நாலு நாள். பிறகு, வெளிச்சமான உருவம் இருட்டான பின்னணியில்தான் எடுபடும் என்பதனால், மணமேடையின் அரக்குத் திரைச்சீலை தெரியும் பக்கமாக அவரைக் கொண்டு போய் நிறுத்தினார்.

இன்னும் இரண்டு உபாயங்களையும் சொல்லிக் கொடுத்தார். 'ஸ்கிரீன்' என்று ஒரு முறை உண்டு. அதில் கறுப்பெல்லாம் மறைந்து வெளிச்சம் மட்டும் நிற்கும். தீபம், மத்தாப்பு, மழை இவற்றை ஒரு காட்சியின் மேல் வைக்க அது நல்லது. 'மல்டிப்ளை' அதற்கு நேர் விரோதம். வெள்ளை மறைந்து கறுப்பு நிற்கும். வெள்ளைக் காகிதத்தில் போட்ட கோலத்தையோ கையெழுத்தையோ படத்தின் மேல் பதிக்க அது ஏற்றது. பெயர் எழுதிய படத்தைப் பின்னணி இல்லாமல் வைத்துக் கொள்ள விரும்பினால் பி.என்.ஜி. என்ற வகையில் சேமிக்க வேண்டும். ஜேபெக் வகையில் அந்த ஆல்பா எண்ணுக்கு இடம் கிடையாது. சுற்றிலும் ஒரு வெள்ளைச் சதுரம் வந்து ஒட்டிக் கொள்ளும்.

நாற்பதா, நூறா?

"நூறு வெச்சா என்ன தம்பி? இன்னும் நல்லாத் தெரியுவாரே?" என்று நான் கேட்டேன். பத்திரிகைக்காரர்களுக்கு அசட்டுக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

இளைஞர் வைத்துக் காட்டினார். திரைச்சீலையின் மேல் போஸ்டர் ஒட்டியது போல இருந்தது. இருபதுக்கு இறக்கினார், மனிதர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில்தான் அவர் 'வந்து நின்றார்'.

"இப்போ ஏ.ஐ.ன்னு வந்திருக்குது அக்கா. ஒரு போட்டோ குடுத்தாப் போதும். ஐயா மணமேடையில உட்கார்ந்து தாலியை எடுத்துக் குடுக்கிற மாதிரியே செஞ்சிடலாம். நான் கேட்டேன். அம்மாதான் வேண்டாம்னுட்டாங்க."

அதுவரை பேசாமல் இருந்த அந்த அம்மாள் வாயைத் திறந்தார்.

"அவரு இல்லைங்கிறது ஊருக்கே தெரியும்மா. இருக்கிற மாதிரி காட்டினா, யாரோ அவரு வேஷம் போட்டுக்கிட்டு வந்த மாதிரி இருக்கும். இப்படிப் பாதி தெரிஞ்சாத்தான் அவரு. இல்லாம போயிட்டாரு, ஆனா வந்து பார்த்துட்டுப் போனாருன்னு இருக்கும்."

அதற்கு மேல் நான் என்ன சொல்ல இருக்கிறது?

பிறகு அவர் சிரித்துக் கொண்டே இன்னொன்றும் சொன்னார். "ஆசீர்வாதம் பண்றாருன்னு நெனைச்சீங்களா? போட்டோ, சினிமா ஒண்ணும் அவருக்குப் பிடிக்காது. எடுக்காதேன்னு கையைத் தூக்கறாரு!"

இளைஞர் மூலப் படத்தைச் சத்தத்தோடு போட்டுக் காட்டினார். "போதும் பாப்பா, போதும்!" என்று ஒரு கரகரத்த குரல். மகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டாள். அந்தக் குரலைக் கல்யாண வீடியோவில் சேர்க்கவில்லை. அந்தப் பதினோரு விநாடியையும் வெட்டாமல் ஒட்டாமல் தனியாக ஒரு பிரதி எடுத்துக் கொடுப்பது என்று முடிவாயிற்று. நல்ல முடிவு. ஒட்டு வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் மூலம் கையில் இருக்க வேண்டும் அல்லவா?

அம்மா எங்கே?

வீடியோ மறுபடி ஓடிற்று. தாரை வார்க்கும் கட்டம். பெரியப்பாவும் பெரியம்மாவும் நின்று தாரை வார்த்தார்கள். தாலி கட்டும் கட்டம். நாத்தனார் விளக்குப் பிடித்தாள். அத்தை, சித்தி, மாமி, பக்கத்து வீட்டுப் பாட்டி எல்லோரும் மேடையில் இருந்தார்கள். அப்பா வந்தார், கையை உயர்த்தினார், போனார்.

மகள் மட்டும் புருவத்தைச் சுருக்கிக் கொண்டு பார்த்தாள். "அம்மா எங்கேண்ணா?" என்றாள்.

ஒருவரும் பதில் சொல்லவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

எங்கே இருந்திருப்பார் என்பதை உங்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புருஷனை இழந்த பெண் முகூர்த்த நேரத்தில் மணமேடைக்கு முன்னால் வரக் கூடாது என்று யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவும் இல்லை. அவராகவே ஒதுங்கிக் கொண்டார். "எனக்குச் சமையல்கட்டுல வேலை இருந்துது பாப்பா" என்றார் இப்போதும்.

"போனவருக்கு நாற்பது குடுத்திருக்கீங்க. இருக்கிறவங்களுக்குச் சைபரா?" என்றாள் மகள். அவள் இளைஞரைக் கோபித்துக் கொண்டதாகத் தெரியவில்லை. யாரைக் கோபித்துக் கொள்வது என்று தெரியாமல் கேட்டாள்.

இளைஞர் ஒன்றும் பேசாமல் இரண்டாவது காமிராவின் படங்களைத் திறந்தார். அந்தக் காமிரா மண்டபத்தின் ஓரத்தில், கூட்டத்தை எடுப்பதற்காக வைத்தது. ஓட்டினார், ஓட்டினார், முன்னும் பின்னுமாகத் தேடினார். கடைசியில் நிறுத்தினார். மண்டபத்தின் பின்பக்கத் தூண். தூணுக்கு அப்பால் பாதி முகம். கெட்டிமேளச் சத்தம் கேட்கிறது. தூண் மறைவிலிருந்து ஒரு கை வெளியே வருகிறது. மணமேடை இருக்கும் திசையில் அட்சதையைப் போடுகிறது. அது மேடை வரைக்கும் போகாது, போக முடியாது. முன்வரிசை நாற்காலியையாவது எட்டியதோ என்னவோ? பிறகு அந்தக் கை முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கொள்கிறது. ஆறே விநாடி.

"இதையும் மங்கலா மேலே வைக்கட்டுமாங்க? அப்பா பக்கத்திலேயே நிற்கிற மாதிரி?" என்று கேட்டார் இளைஞர்.

"வேண்டாம்ணா" என்றாள் மகள். "அம்மாவுக்கு நூறு."

அப்படியே செய்தார். தாலி கட்டியதும் மேடைக் காட்சியை வெட்டினார். அந்த ஆறு விநாடியை, ஊடு தெரியாமல், மேலே எதுவும் இல்லாமல், கீழே எதுவும் இல்லாமல், முழுத் திரைக்கும் வைத்தார். அதற்குப் பிறகுதான் அரக்குத் திரைச்சீலையில் அப்பா தோன்றினார். இப்போது பார்த்தால், அவர் உயர்த்திய கை மணமக்களைப் பார்த்து உயர்ந்ததாகத் தோன்றவில்லை. தூண் மறைவில் கண்ணைத் துடைத்துக் கொண்டிருக்கும் மனைவியைப் பார்த்து, "போதும், போதும்" என்று சொல்வது போல இருந்தது.

அந்த அம்மாள் திரையைப் பார்த்துக் கொண்டே இருந்தார். "அந்தத் தூணுக்குப் பின்னால கூட காமிரா இருந்துதா?" என்று மட்டும் கேட்டார்.

மழை விட்டது. எனக்குக் கள்ளக்குறிச்சி பஸ் வந்துவிட்டது.

வாசக சகோதரிகளே! படத்தை ஊடு தெரியும்படி ஆக்குவதற்கு வழி சொல்லிவிட்டேன். போனவர்களைக் கொஞ்ச நேரம் திரும்ப அழைத்து வர அது நல்ல வித்தை. அளவோடு செய்தால் பொய்யும் ஆகாது. ஆனால் கண் முன்னால் உயிரோடு இருப்பவர்கள் மங்கிப் போய்க் கொண்டிருந்தால், அதற்குக் கம்ப்யூட்டரில் மருந்து இல்லை. அடுத்து உங்கள் வீட்டில் கல்யாணம் வந்தால், வீடியோக்காரரைக் கூப்பிட்டு, "தம்பி, தூண் பக்கமும் கொஞ்சம் காமிராவைத் திருப்பு" என்று சொல்லி வையுங்கள். அதைவிட நல்லது, முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் நீங்களே எழுந்து போய், தூணுக்குப் பின்னால் நிற்கிறவருடைய கையைப் பிடித்து முன்னால் அழைத்துக் கொண்டு வந்துவிடுங்கள்.